யார் வீசிய துண்டு

வீசவில்லை தாயி. உதறினேன். வீசுவது வேறு, உதறுவது வேறு. படித்த பிள்ளை, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுற்றி, தண்ணீருக்கு நேராகக் கையை நீட்டி விட்டால் அது வீசுவது. தலையில் கிடந்த துண்டை எடுத்து, முனையைப் பிடித்து, படக்கென்று ஒரு தட்டுத் தட்டினால் அது உதறுவது. நான் செய்தது இரண்டாவது. இதை ஊர்க்கூட்டத்தில் சொல்லவேண்டும் என்று ஒரு வருடமாக நாக்கு நுனியில் வைத்திருக்கிறேன். என்னை வாயைத் திறக்க விட்டால்தானே.

நீ திருப்பத்தூருக்கா? பேங்கு வேலையா? நல்லது. உன் ஊர்ப்பக்கம் ஆறாக இருக்கும், உனக்கு இது புதிதாக இருக்கும். விடியற்காலை வண்டியில் வந்திருந்தால் உனக்கு உட்கார இடம் கிடைத்திருக்காது. கூடையும் கொசுவலையுமாகப் படியில் தொங்கிக்கொண்டு போயிருப்பார்கள். எல்லாம் எங்கள் வெள்ளிலைப்பட்டிக்குத்தான். இன்றைக்குப் பெரிய கண்மாயில் மீன்பிடி.

சும்மா மீன்பிடி இல்லை தாயி. வருடம் முழுக்க அந்தக் கண்மாயில் ஒரு தூண்டில் விழாது. நாங்களே போட மாட்டோம். அறுப்பு முடிந்து, சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றி, தொடை மட்டத்துக்கு வந்த பிறகு ஊர் கூடி ஒரு நாள் குறிக்கும். முன்பு தமுக்கு அடித்துச் சொல்வார்கள், இப்போது செல்போனில் போடுகிறார்கள். சுற்றி ஏழு ஊர்ச் சனமும் கரையில் வந்து நிற்கும். இன்னார்தான் வரலாம் என்பதெல்லாம் கிடையாது. மடையில் கருப்பசாமி இருக்கிறார். அவருக்குத் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, அதற்குப் பிறகு ஊர் அம்பலம், அதாவது ஊருக்குப் பெரியவர், மடைக்கல்லில் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசினால் இறங்கலாம். வீசுகிற வரைக்கும் ஒருத்தர் கால் நகம்கூட நனையக்கூடாது. இறங்கிவிட்டால் பிடித்தவர்களுக்குப் பிடித்தது. விற்கக்கூடாது, அவ்வளவுதான். சாயங்காலம் ஏழு ஊரிலும் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரே வாசம்தான்.

அந்தத் துண்டை வீசிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுக்காரர்.

கல்யாணம் ஆகி நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் வீசித்தான் பார்த்திருக்கிறேன். மெதுவாக வீசுவார். அவசரமே இருக்காது. ஏழு ஊரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவர் பாட்டுக்குத் துண்டை மடித்து, பிரித்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து... அந்தத் துண்டைத் துவைத்து, நீலம் போட்டு, காயவைத்து எடுத்துக் கொடுப்பது நான். மற்றபடி எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அம்பலம் வீட்டுப் பெண்கள் தண்ணீரில் இறங்குவதும் கிடையாது. கரையில் நிற்போம், எங்களுக்கு மீன் வந்து சேரும். ஒரு விராலை உயிரோடு கையால் பிடித்தது இல்லை நான், இத்தனை வயதில். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் குறையும் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

அவர் போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள், மேலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், இப்போது அங்கிருந்துதான் வருகிறேன். அம்பலப்பட்டம் அவர் தம்பிக்குப் போனது. சோணைமுத்து என்று பெயர். என் கொழுந்தன். டிராக்டர் ஓட்டுகிறவன். பேச்சே வராது தாயி அவனுக்கு. நாலு பேர் சேர்ந்து நின்றால் டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான், ஏதோ நட்டு கழன்றுவிட்டது என்று. அவன் அம்பலம். சரி, முறை அப்படி. நான் என்ன சொன்னேன், ஒன்றும் சொல்லவில்லை.

அவர் போனதும் இரண்டு கோடை கண்மாய் காய்ந்தே கிடந்தது. போன வருடம்தான் தண்ணீர் நின்றது, மீனும் நின்றது. அவனுக்கு முதல் வீச்சு. பத்து நாளாகக் கொல்லையில் நின்று பழகினான். எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். எட்டிப் பார்த்தேன். கோழி விரட்டுகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை.

"ஏப்பா, மணிக்கட்டத் திருப்பு. தோளோட சேத்து ஆட்டாத."

"இப்படியா மதினி?"

"அப்படி இல்ல. இங்க பாரு."

காட்டினேன். முந்தானையை வைத்துத்தான் காட்டினேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நீலம் போட்டவளுக்குத் தெரியாதா.

பிறகு ஒருநாள் வந்து தயங்கித் தயங்கி, "அண்ணன் துண்டு இருக்குமா மதினி?" என்றான். இருக்கு, ஆனா தரமுடியாது, நீ புதுசா வாங்கிக்க என்று சொல்லிவிட்டேன். அதில் என்ன தப்பு? அவர் துண்டு அவருடையது. கடையில் துண்டா கிடைக்காது.

அன்றைக்கு நான் போனது வேடிக்கை பார்க்க. அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போனது வெயிலுக்கு. தலையில் போட்டுக்கொண்டேன். மேட்டில் நின்றது காற்றுக்கு. கரையில் ஒரு மேடு உண்டு, நாலு பக்கமும் திறப்பு, நல்ல காற்று. ஆமாம், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடம்தான். காற்று அங்கேதான் வருகிறது, நான் என்ன செய்ய.

மடையில் இவர்கள் சாமி கும்பிடுகிறார்கள், கும்பிடுகிறார்கள், முடிகிற பாடாக இல்லை. என்ன என்று பார்த்தால் உடைத்த தேங்காய் அழுகல். வேறு தேங்காய்க்கு ஆள் அனுப்பியிருக்கிறான். பெரிய காரியத்துக்கு ஒரே ஒரு தேங்காயா கொண்டுபோவார்கள்? எங்கள் வீட்டுக்காரர் இருந்தவரை நான் பை நிறையக் கட்டிக் கொடுப்பேன். இவன் என்னிடம் கேட்டானா? கேட்கவில்லை. வெயில் ஏறுகிறது. பச்சைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஊத்தாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிழவன்மார் நிற்கிறார்கள். ஊத்தா என்றால் அடியில்லாத கூடை தாயி, சேற்றில் அமுக்கி, மேலே வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பார்கள். அத்தனை சனமும் மடையையே பார்க்கிறது. இவன் தேங்காயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அப்போதுதான் எறும்பு.

சிவப்பெறும்பு, கழுத்தில் கடித்தது. துண்டை எடுத்தேன். உதறினேன்.

மேட்டில் மரம் இருக்கிறதா என்றா கேட்கிறாய்? மரம் இல்லை. ஏன், மரத்தில்தான் எறும்பு இருக்கவேண்டுமா? நீ நல்ல பிள்ளைதான், ஆனால் வக்கீல் மாதிரிக் கேட்கிறாய்.

உதறினேன். அவ்வளவுதான். ஹோவென்று ஒரு சத்தம். கரையே சரிந்து தண்ணீருக்குள் போகிற மாதிரி இருந்தது. ஏழு ஊரும் இறங்கிவிட்டது. அங்கே மடையில் இவன் துண்டு தோளிலேயே கிடக்க, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். தேங்காய்க்குப் போனவன் அப்போதுதான் ஓடி வருகிறான்.

ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது. அதைக் கேட்டுக்கொள். மீனா, அப்படி ஒரு மீன் அந்தக் கண்மாயில் கண்டது இல்லை. விரால், கெளுத்தி, ஜிலேபி, கொசுவலை கிழிகிற அளவுக்குக் கட்லா. சின்னப் பிள்ளைகள்கூடச் சட்டையைக் கழற்றி அதில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்த மேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனையோ வருடம் பார்த்ததுதான். ஆனால் அன்றைக்கு... அதை விடு.

சாயங்காலம் குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஆள் வந்தது, கூட்டத்துக்கு வா என்று. சாமிக்குப் படைக்கும் முன்னே ஒரு பொம்பளை கண்மாயைத் திறந்துவிட்டாளாம். அதுவும் தாலியறுத்தவளாம். சின்னாண்டி மாமா என்று ஒரு பெரிய மனிதர், அவர்தான் எழுந்து பேசினார்.

"கருப்பன் கோவிச்சா மழை நிக்கும். மடையில விழுந்து தப்புன்னு சொல்லட்டும். இனி அந்த வீட்டுப் பொம்பளைக கரையேறக் கூடாது."

நான் தயாராகத்தான் போயிருந்தேன். வீசவில்லை, உதறினேன், எறும்பு கடித்தது, இந்தா கழுத்து, தடிப்பு இருக்கிறது பாருங்கள். இவ்வளவும் வரிசையாக வைத்திருந்தேன். எழுந்தேன். வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் இவன் எழுந்துவிட்டான். பேச்சே வராதவன் என்றேனே, அவன்தான்.

"மதினி மேல தப்பு இல்ல. வீசச் சொன்னது நான்தான். தேங்கா அழுகிப் போச்சு, நேரம் தப்பிரும்னு நாந்தான் சொல்லி விட்டேன். தப்பு என்னுது."

சொல்லிவிட்டு நேரே மடைக்குப் போனான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். சட்டையெல்லாம் சேறு. எழுந்து வந்து சின்னாண்டி மாமா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கூட்டம் முடிந்துவிட்டது. ஆளாளுக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் நின்றது நின்றபடி.

எப்படி இருக்கிறது பார். ஒருத்தி ஒரு காரியம் செய்தால், அது நல்லதோ கெட்டதோ, அவள் செய்தது இல்லையா? இவன் எனக்குச் சொல்லி விட்டானாம். யாரை விட்டுச் சொன்னான்? எப்போது சொன்னான்? இவன் சொல்லி நான் செய்கிற ஆளா? இவன் அண்ணன் சொல்லியே நான் பாதி செய்ததில்லை.

ராத்திரிச் சோற்று நேரத்துக்கு ஒரு விராலைக் கொண்டுவந்தான். கை நீளம் இருக்கும். "மதினி, பெருசா இருந்துச்சு, ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன்." நான் கதவைத் திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறகு எடுத்துக் குழம்பு வைத்தேன். மீன் என்ன பாவம் செய்தது.

அதற்குப் பிறகு இந்த ஒரு வருடம் இருக்கிறதே, அதைச் சொல்கிறேன் கேள். ஏச்சு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டுகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் இருக்கிறது. ஒருத்தரும் திட்டவில்லை. ரேஷன் கடை வரிசையில், "பாவம், கொழுந்தன் சொன்னான்னு வீசிட்டா, அவ என்ன செய்வா" என்கிறார்கள். என் காதுபடவே சொல்கிறார்கள். பரிதாபப்பட்டு என்னை வரிசையில் முன்னால் விடுகிறார்கள். எனக்கு அந்த வரிசையில் கடைசியில் நின்றாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அவன் பெண்டாட்டி செவந்தி தினம் ஒரு கிண்ணத்தோடு வருவாள். ஒருநாள் சாம்பார், ஒருநாள் கருவாடு. "அக்கா, சாப்பிட்டுப் பாருங்க." வேவு பார்க்க அனுப்புகிறான், வேறென்ன. மழைக்கு முன்னால் நான் கேட்காமலே ஏறி என் வீட்டு ஓடுகளை மாற்றினான். என் வீடு. ஒழுகினால் எனக்குத்தானே ஒழுகும்?

மழை பெய்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. ஐப்பசியில் பிடித்தது, கார்த்திகை முடியும் வரை விடவில்லை. கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்தது. நானும் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அங்கே சின்னாண்டி மாமா நிற்கிறார். அந்த மனிதர் என்ன சொல்கிறார் தெரியுமா?

"சோணைமுத்து கைராசிதான். மொத வருசமே கண்மா பெருகிருச்சு."

எவன் கைராசி? அவன் கை துண்டைத் தொடவே இல்லையே. தோளிலிருந்து எடுக்கவே இல்லையே. மழை பெய்யாமல் போயிருந்தால் யாரைச் சொல்லியிருப்பார்கள்? என்னைத்தான். பெய்தது, அதனால் அவன் ராசி. அது என்ன நியாயம் தாயி? துண்டை வீசினது நான். மழை அவன் பேரில்.

என்ன சிரிக்கிறாய்? ஆமாம். வீசினேன் என்றுதான் சொன்னேன். எறும்பும் இருந்தது. எறும்பு இருந்தால் வீசவில்லை என்று ஆகிவிடுமா? ஒரே கைதானே, இரண்டையும் செய்யலாம். மணிக்கட்டைத் திருப்பித்தான் வீசினேன். அவர் வீசுகிற மாதிரியே, அவசரப்படாமல். அவரைவிட நன்றாகவே வந்தது, சொல்லக் கூடாது. ஏழு ஊரும் இறங்கியதென்றால் சும்மா உதறினதற்கா இறங்கும்? சனம் என்ன, துண்டு வீசுவது தெரியாத சனமா?

மூன்று நாளைக்கு முன்னே வந்து நிற்கிறான். தலையைச் சொறிந்துகொண்டு. "மதினி, இந்த வருசம் நீங்க மடைக்கல்லுகிட்ட எங்கூட நிக்கணும்." எதற்கு? பக்கத்தில் வைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளவா? மறுபடி எங்கேயாவது மேட்டில் ஏறிவிடுவேன் என்று பயம். காவல் போடுகிறான் தாயி, வேறொன்றும் இல்லை. நான் நிற்கவும் மாட்டேன், இருக்கவும் மாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மகள் என்ன சொல்கிறாள்? "அம்மா, சித்தப்பா ஒன்ன மதிச்சுத்தான் கூப்பிட்டாரு. அவரு விழுந்தது யாருக்காக?" அவளுக்கு என்ன தெரியும். சித்தப்பன் சின்ன வயதில் டிராக்டரில் ஏற்றிச் சுற்றிக் காட்டினான், அந்த நன்றி. எனக்காக விழுந்தானாம். நான் விழச் சொன்னேனா? நானே விழுந்திருக்க மாட்டேனே. விழமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் நிமிர்ந்து நின்று சொல்ல எனக்கு ஒரே ஒரு நாள் வந்தது. அதையும் அவன் சேற்றில் புரண்டு கெடுத்துவிட்டான்.

இரண்டு நாள் மகள் வீட்டில் இருந்தேன். சோறு இறங்கவில்லை. இன்றைக்குக் காலையில் முகத்தைக் கழுவும்போது தோன்றியது. ஏன் ஒளிய வேண்டும்? போவோம். இப்போது இறங்கியிருப்பார்கள், நான் போய்ச் சேரவும் பிடித்து முடித்துக் கரையேறவும் சரியாக இருக்கும். எல்லாரும் ஒரே இடத்தில் மீனைக் கொட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மேட்டில் ஏறுவேன். போன வருடம் துண்டை வீசினது நான். யாரும் சொல்லி வீசவில்லை. நானாகத்தான் வீசினேன். இன்னின்ன காரணத்துக்காக, வெயிலில் பிள்ளைகள் நின்றதற்காக, அவன் தேங்காயைக் கட்டிக்கொண்டு அழுததற்காக, எனக்கு வீசத் தெரியும் என்பதற்காக. விழவும் மாட்டேன், மன்னிப்பும் கேட்க மாட்டேன். கரையேறக் கூடாது என்றால் ஏறித்தான் நிற்கிறேன், இறக்கிப் பாருங்கள். இவ்வளவுதான் சொல்லப் போகிறேன். ஏழு ஊரும் கேட்கட்டும்.

இதோ, வளைவு வந்துவிட்டது. அந்தப் பனைமரங்களுக்குப் பின்னால் பார், அதுதான் எங்கள் கரை.

என்ன இது. நேரம் என்ன ஆகிறது தாயி? இந்நேரம் கண்மாய் கலங்கிச் சேறாகக் கிடக்கவேண்டுமே. தண்ணீர் பளிங்காக நிற்கிறது. கரை நிறைய ஆள். எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள் பார், குடையை விரித்துக்கொண்டு. இன்னும் திறக்கவில்லையா?

தம்பி கண்டக்டர், என்னப்பா, உனக்கு ஏதாவது தெரியுமா?

கேட்டாயா, என்ன சொல்கிறார் என்று. காலையில் இருந்து மூன்று நடை போய் வந்துவிட்டாராம், இப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார்களாம். யாரோ வரவேண்டும் என்று அம்பலம் நிறுத்தி வைத்திருக்கிறாராம். யார் வரவேண்டும்? எம்.எல்.ஏ.வா, தாசில்தாரா? பதவி வந்ததும் புத்தி போகிற போக்கைப் பார். எங்கள் வீட்டுக்காரர் இருந்தவரை எந்தக் கொம்பனுக்காகவும் கண்மாய் காத்திருந்ததில்லை. தேங்காய்க்காக நிறுத்தினான், இந்த வருடம் ஆளுக்காக நிறுத்துகிறான். நான் வந்து சொல்ல வேண்டியது இதுவும்தான்.

வண்டி ஏன் மெதுவாகிறது? நிறுத்தம் இன்னும் தள்ளித்தானே.

ரோட்டுக்கு நடுவில் யார் அது கையை நீட்டிக்கொண்டு. செவந்தி. கிண்ணம் இல்லாமல் அவளைப் பார்த்ததே இல்லை, அடையாளம் தெரியவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் தள்ளு தாயி.

என்னடி?

...

கேட்டாயா?

கேட்கவில்லையா, சனம் சத்தம் போடுகிறது. நான் சொல்கிறேன். அவள் சொல்கிறாள், "அக்கா, வந்துட்டீகளா, கெளம்பிட்டீகன்னு ஒங்க மக போன் பண்ணுச்சு, எந்த வண்டியில வருவீகன்னு தெரியாம ஒவ்வொரு வண்டியா மறிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்று. இன்னொன்றும் சொல்கிறாள். காலையில் சாமி கும்பிட்டதும் இவன் மடைக்கல்லில் ஏறினானாம். ஏறி, "போன வருசம் எம் மதினி தானாத்தான் வீசுனாக. நான் சொல்லி விட்டேன்னது பொய். பெஞ்ச மழை அவுக கைக்குப் பெஞ்சது. இந்த வருசமும் அவுக வந்து வீசட்டும்" என்று சொல்லிவிட்டு, கல்லைவிட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டானாம். சின்னாண்டி மாமா குதிக்கிறாராம், அவள் முதலில் மடையில் விழட்டும், அப்புறம் பேசலாம் என்று. சனம் எழுந்து போகவும் இல்லையாம், இறங்கவும் இல்லையாம்.

பார்த்தாயா தாயி. பார்த்தாயா அவனை. நான் சொல்ல வந்ததை, ஒரு வருடமாக வைத்திருந்து, மேலூரிலிருந்து வண்டியேறி வந்து சொல்ல வந்ததை, அதையும் அவனே சொல்லிவிட்டான். ஒன்றையாவது எனக்கு விட்டுவைத்தானா?

கண்ணில் ஒன்றும் இல்லை. ஜன்னல் காற்று.

பையை எடுத்துக் கொடு. தலை கலைந்திருக்கிறதா பார், பின்னால். சரி, போதும்.

வருகிறேன்டி, கத்தாதே. உன் வீட்டுக்காரனிடம் போய்ச் சொல்லு, அவன் சொன்னது செல்லாது. என் வாயால் நான் சொன்னால்தான் அது சொன்னது. அந்த மாமனையும் அங்கேயே நிற்கச் சொல்லு, அவருக்கும் கொஞ்சம் இருக்கிறது. விழுவதெல்லாம் நடக்காது.

நீயும் இறங்கேன் தாயி. பேங்கு நாளைக்கும் இருக்கும். வரமாட்டாயா? சரி. கண்டக்டர் தம்பி, கொஞ்சம் பொறு, வயசான பொம்பளை இறங்குகிறேன்.

நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மீன் எங்கே போய்விடப் போகிறது.